பள்ளிக்கூடத்துக்கு வந்த வானம்

 

போன வாரம் என் தங்கை பேரன் போனில், "பாட்டி, எங்க ஸ்கூலுக்குப் பெரிய பலூன் வந்துச்சு. உள்ள தவழ்ந்து போனா சனி கிரகம் தலைக்கு மேல சுத்துது" என்றான். அவன் சொன்னது நடமாடும் கோளரங்கத்தை. காற்றடித்து நிறுத்தும் கூடாரம்; உள்ளே இருட்டு; கூரை முழுக்க நட்சத்திரம். இந்தப் பலூனுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதன் ஓரத்தில் நீங்களும் நானும்கூட இருக்கிறோம். அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீச்சர் ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும்.

1979இல் தொடங்குகிறேன். அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அமெரிக்கா 1973இல் அனுப்பிய ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையம் கீழே விழப்போகிறது என்று ரேடியோவிலும் பேப்பரிலும் ஒரே பேச்சு. எழுபது டன்னுக்கு மேல் எடை. எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஜூலையில்தான் நம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதரும் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளியிருந்தார். ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம். "பெருமாளே வெளிய வந்து படுத்திருக்காரு, இந்த ஊரு மேல ஒண்ணும் விழாது" என்று எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அடித்துச் சொன்னார். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்து முடிந்தது. பாட்டி ஜெயித்துவிட்டார்.

அடுத்தது 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. சூரிய கிரகணம். முழு மறைப்பு கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாகப் போனது. நமக்குப் பகுதி கிரகணம்தான். ஆனாலும் தறிச் சத்தம் நின்றுவிட்டது. கோயில் நடை சாத்தியது வழக்கம்தான். அன்று வீட்டு ஜன்னல்களும் சாத்தப்பட்டன. காந்தி ரோட்டில் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆள் நடமாட்டமே இல்லை. எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை வானத்தைப் பற்றி இவ்வளவு பேசிய ஊரில், ஒரு குழந்தைக்காவது அது என்ன என்று நிதானமாகக் காட்டிச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

1981இல் வேலை கிடைத்தது. பாடப் புத்தகத்தில் சூரியக் குடும்பம் ஒரே ஒரு பாடம். என்னிடம் இருந்தது ஒரு சுவர்ப்படம், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு டார்ச் லைட். அதை வைத்துத்தான் இரவு பகல், பிறை, கிரகணம் எல்லாம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் மெல்ல மெல்ல ஊர்களுக்கு வர ஆரம்பித்தார்கள். 1987இல் 'துளிர்' பத்திரிகை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கி, நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து அறிவியல் கலைக்குழுக்கள் கிளம்பி நவம்பர் 7 அன்று போபாலில் கூடின. பாட்டு, தெருநாடகம் என்று அறிவியலை மக்களிடம் கொண்டுபோன பயணம் அது. இதையெல்லாம் துளிரில் படித்துவிட்டு நான் வகுப்பில் கதையாகச் சொல்வேன்.

1988இல் சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்தார்கள். தமிழிலேயே விளக்கம். நமக்கு 75 கிலோமீட்டர்தான். மறு ஆண்டே ஒரு பஸ் பேசினோம். தலைக்கு 15 ரூபாய். என் வகுப்பில் 43 பேர். பணம் கட்டியவர்கள் 22 பேர்.

கோட்டூர்புரத்தில் விளக்கு அணைந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழ்வானத்தில் கட்டடங்களின் நிழல், மேலே மெல்ல மெல்ல நட்சத்திரம். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கூரையத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். அதைவிட நல்ல பாராட்டு எந்தக் கோளரங்கத்துக்கும் கிடைத்திருக்காது.

மீதி 21 பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து ரூபாய் மட்டும் காரணமில்லை. உங்களில் பலருக்கு இது தெரியும், வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் இந்தப் பக்கம் இரண்டைப் பார்த்துக்கொள்ள, அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் தறியில் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளை. பிள்ளை ஒரு நாள் சென்னைக்குப் போனால் தறி ஒரு நாள் நிற்கும். முகூர்த்த நாளுக்குப் புடவை கொடுக்க வேண்டிய வீட்டில் யார் அனுப்புவார்கள்?

திங்கட்கிழமை வகுப்பில் போனவர்கள் போகாதவர்களுக்குக் கதை சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன். வாரத்தில் மூன்று நாள்தான் வருவான், கரைக்கு நாடா தள்ளுகிறவன். எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து, "அங்க காமிச்ச நட்சத்திரம்லாம் எங்க ஊட்டு மாடிலயிருந்து தெரியுமா டீச்சர்?" என்றான். தெரியும் என்றேன். "அப்ப இன்னாத்துக்கு டீச்சர் பஸ்ஸு?" என்றான். வகுப்பே சிரித்தது. கேள்வி சரியான கேள்வி. அந்த மார்கழியில் பள்ளி மாடியில் இரவு ஏழு மணிக்கு வானம் பார்க்கத் தொடங்கினோம். பிள்ளையார்பாளையத்துத் தாத்தாக்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து எனக்கே பாடம் எடுத்தார்கள். பாவு போட விடியலுக்கு முன் எழுந்து பழகியவர்கள் அல்லவா? அறுமீன் எந்த மாதம் எந்த நேரத்தில் உச்சிக்கு வரும், விடிவெள்ளி எப்போது வரும், எப்போது வராது என்று கடிகாரம் இல்லாத காலத்திலிருந்தே அவர்களுக்குக் கணக்கு இருந்தது.

ஆனால் மாடியில் சனியின் வளையத்தைக் காட்ட முடியாது. நிலவில் நின்று பூமியைப் பார்க்க முடியாது. ஆறு மாத வானத்தை ஆறு நிமிடத்தில் ஓட்ட முடியாது. அதற்குக் கோளரங்கம்தான் வேண்டும். பிள்ளை அங்கே போக முடியாவிட்டால், அது இங்கே வர வேண்டும்.

அது வந்து சேர முந்நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், ஜெர்மனியின் வடக்கே கோட்டோர்ப் என்ற இடத்துப் பிரபு ஒருவர் மூன்று மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கோளம் செய்யச் சொன்னார். வெளியே பூமியின் படம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் சுற்றிலும் நட்சத்திரம் சுழலும். பிரபுவும் விருந்தாளிகளும் பார்த்தார்கள். பிறகு அது ரஷ்யாவின் மகா பீட்டருக்குப் பரிசாகப் போய்விட்டது. அரசரிடமிருந்து அரசருக்கு, அவ்வளவுதான். 1919இல் ஜெர்மனியில் சைஸ் கம்பெனியின் பொறியாளர் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் இதைத் தலைகீழாக யோசித்தார். கோளத்தைச் சுழற்ற வேண்டாம், கூரை அசையாமல் இருக்கட்டும், நடுவில் இருந்து ஒரு கருவி ஒளியால் நட்சத்திரம் தெளிக்கட்டும் என்றார். 1925இல் மியூனிக் அருங்காட்சியகத்தில் அது பொதுமக்களுக்கு வந்தது. இந்தியாவில் 1954இல் புனேயில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே சிறிய கோளரங்கம் வைத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. 1963இல் கல்கத்தாவில் பிர்லா கோளரங்கத்தை நேரு திறந்துவைத்தார். பம்பாய், டெல்லி, பிறகு நம் கோட்டூர்புரம், 1999இல் திருச்சி. எல்லாம் கட்டடம். கட்டடம் நகராது.

அதை நகர வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிலிப் சாட்லர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர். 1970களில் துணிக் கூடாரம் ஒன்றை விசிறிக் காற்றால் ஊதி நிறுத்தி, நடுவில் துளைபோட்ட உருளைக்குள் விளக்கு வைத்து, ஸ்டார்லேப் என்று பெயரிட்டார். மடித்தால் பையில் அடங்கும். வண்டியில் வைத்து எந்தப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். இன்று உலகம் முழுக்கச் சுற்றும் பலூன்களெல்லாம் அந்த யோசனையின் பேரன் பேத்திகள். நம் நாட்டிலும் அறிவியலைச் சக்கரத்தில் ஏற்றும் யோசனை பழசுதான். 1965லேயே கல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் பஸ்ஸில் கண்காட்சி வைத்துக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது. இப்போது இஸ்ரோவும் ராக்கெட், செயற்கைக்கோள் மாதிரிகளோடு 'ஸ்பேஸ் ஆன் வீல்ஸ்' பஸ் விடுகிறது.

எங்கள் பள்ளிக்குக் கூடாரம் வந்தது 2012 கடைசியில். மின்வெட்டுக் காலம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவைக்கு முப்பது பிள்ளைகள், முட்டி போட்டுத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். செருப்பெல்லாம் வாசலில், கோயில் மாதிரி. முதல் இரண்டு காட்சி நன்றாக நடந்தது. மூன்றாவதில் வியாழன் வந்து நின்ற நேரம் கரண்ட் போனது. விசிறி நின்றது. வானம் மெதுவாக இறங்கிப் பிள்ளைகள் தலைமேல் உட்கார்ந்தது. யாரும் அழவில்லை, ஒரே சிரிப்பு. நானும் கூட்டி வந்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் துணியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராக வெளியே இழுத்தோம். "டீச்சர், வானம் இடிஞ்சி வுழுந்துடுச்சி" என்று கத்திக்கொண்டே ஓடியவன் இப்போது துபாயில் இருக்கிறான். இதைப் படித்தால் அவனே ஒப்புக்கொள்ளட்டும்.

கரண்ட் வரும்வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். உண்மையான பாடம் அங்கேதான் நடந்தது. ஒரு பெண், சித்ரகுப்தர் கோயில் பக்கத்து வீடு. நம் சித்ரகுப்தரைக் கேது பரிகாரத்துக்காகத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் கேட்டாள்: "எல்லா கிரகமும் வந்துச்சு. ராகுவும் கேதுவும் ஏன் வரல டீச்சர்?"

இந்தக் கேள்விக்காகவே கூடாரம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை, உட்கார்" என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் வாய் மூடும், மனசும் மூடும். நான் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றினேன். ஒன்றைக் கிடையாகப் பிடித்தேன், மற்றதைச் சற்றே சாய்த்து அதனுள் நுழைத்தேன். ஒன்று வானத்தில் சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதை, மற்றது நிலவின் பாதை. சாய்வு ஐந்து டிகிரிதான். இரண்டும் எத்தனை இடத்தில் சந்திக்கின்றன? இரண்டு இடம். எதிரெதிராக. அந்த இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். கல்லோ மண்ணோ இல்லை, வெறும் புள்ளி. அதனால்தான் கூடாரத்தில் காட்ட முடியவில்லை. அமாவாசையன்று நிலவு அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சூரிய கிரகணம். இல்லாவிட்டால் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். மாதாமாதம் கிரகணம் வராததற்கு அதுதான் காரணம்.

"ஜாதகத்துல ராகுவுக்கு ஏழாவது வீட்லதான் கேது இருக்கும்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றான் ஒருவன். பாருங்கள், எதிரெதிர் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ராகு கேது பெயர்ச்சி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? ஒன்றரை. பன்னிரண்டு ராசிக்கு? பதினெட்டு. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க வானியலார் சொல்லும் கணக்கு 18 ஆண்டு 7 மாதம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கிரகணம் நிழலால் வருவது என்று ஆரியபட்டர் 499லேயே எழுதிவிட்டார் என்றும் சொன்னேன். நவக்கிரகத்தில் சூரியன், சந்திரன், ஐந்து கோள், இரண்டு புள்ளி, ஆக ஒன்பது. புத்தகத்தின் பழைய ஒன்பதில் பூமி, 1781இல் கண்ட யுரேனஸ், 1846இல் கண்ட நெப்டியூன், 2006இல் பட்டியலிலிருந்து இறங்கிய புளூட்டோ. இந்த ஒன்பது வேறு, அந்த ஒன்பது வேறு. கோயிலில் விளக்குப் போடுவது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன் என்றும் சொன்னேன். கரண்ட் வந்தபோது எழுந்து போக ஒருவருக்கும் மனமில்லை.

நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. நம் பக்கத்திலேயே ஒருவர் இதற்கு வழி போட்டிருக்கிறார். சிந்தாமணி ரகுநாதாசாரி. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், அதை ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் சிறு நூலாக விளக்கினார். ஆங்கில நூல் உரையாடல் வடிவில் இருந்தது. பஞ்சாங்கம் தெரிந்தவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து பேச்சைத் தொடங்கினார். அவர் பெயரை ஒரு பாடப் புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வெள்ளி மறுபடி 2004 ஜூன் 8 அன்று கடந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். 2004 பேட்ச் பிள்ளைகளே, மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் சிறு துளைபோட்ட காகிதம் ஒட்டி, வெயிலை வராந்தாவின் மறுகோடி இருட்டறைச் சுவரில் விழவைத்தோம். சுவரில் தட்டு அளவு சூரியன், அதில் கருமிளகு போல ஒரு புள்ளி. தலைக்கு ஒரு பைசா செலவில்லை. 2012இல் இன்னொரு முறை வந்தது. அடுத்தது 2117இல்தான்.

கூடாரக் காட்சி போதுமா என்றால் போதாது. இதையும் சாட்லரே நிரூபித்தார். பிற்காலத்தில் ஹார்வர்டில் ஆராய்ச்சிக்குப் போனவர், 1987இல் வெளிவந்த ஒரு படத்துக்காக, பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மாணவர், பேராசிரியர் என்று 23 பேரிடம் கோடைக்காலம் ஏன் வருகிறது என்பது போன்ற கேள்விகள் கேட்க வைத்தார். 21 பேர் தப்பாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்கு அருகில் போவதால் வெயில் என்றார்கள் பலர். நம் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லிக் காட்டுவேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழிக் குளிரில்! அப்படியென்றால் அக்னி நட்சத்திரம் தூரத்தால் வருவதில்லை, சாய்வால் வருகிறது. இதைக் கூடாரத்தில் ஒரு நிமிடம் காட்டுவார்கள். பிள்ளைக்கு மனதில் நிற்க ஒரு வாரம் பேச வேண்டும்.

இப்போது வருகிற காட்சிகளில் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பு ஒரு தனியார் ஆட்கள் வந்தார்கள். தலைக்கு அறுபது ரூபாய். உள்ளே ஓடியது ஆங்கிலப் படம். டைனோசர் மேல் விண்கல் விழுகிறது, இடி முழக்கம், பதினைந்து நிமிடம், முடிந்தது. கேள்வி கேட்க நேரமில்லை, அடுத்த பள்ளிக்குப் போக வேண்டுமாம். பணம் கட்டாத பதினோரு பேரை வெளியே உட்கார வைக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள் நாங்கள் கையில் இருந்ததைப் போட்டு உள்ளே அனுப்பினோம். கோட்டூர்புரம் போன பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்காகத்தானே வானம் கூடாரமாக மடிந்து வந்தது? வாசல்வரை வந்த பிறகும் டிக்கெட் கேட்டால், 1989க்கும் இப்போதைக்கும் வித்தியாசம் 75 கிலோமீட்டர் மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக, 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, கருத்தாளர்கள் பொருள்களோடு வகுப்புக்கே வந்து செய்துகாட்டுகிறார்கள். பெரிய இருட்டோ இரைச்சலோ கிடையாது. ஆனால் பிள்ளை கையைத் தூக்கினால் பதில் சொல்ல ஒரு ஆள் நிற்கிறார்.

ஒரு சின்ன வேலை இருக்கிறது. வரும் ஜனவரியில் நம் பள்ளிக்கு ஒரு கூடாரத்தைக் கூப்பிடலாம் என்று இப்போதைய தலைமையாசிரியை சொன்னார். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையிடமும் காசு வாங்கக் கூடாது. விளக்கம் தமிழில், நேரில் ஆள் நின்று சொல்ல வேண்டும். செலவைப் பகிர விரும்புகிறவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். இங்கே தொகை எதுவும் எழுத வேண்டாம். ஜெனரேட்டர் தருவதாக நம் பழைய நாடா தள்ளிய பையன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். இப்போது சொந்தமாக நான்கு தறி வைத்திருக்கிறான். அவன் மகள் ஏழாம் வகுப்பு.

1989 பஸ்ஸில் வந்தவர்கள் யார் யார் என்று கீழே எழுதுங்கள், என் ஞாபகத்தோடு சரிபார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வாந்தி எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.